பத்துப் பெட்டி ஃபில்டர்

அம்பத்தூரில் ஆய்வகச் சாமான் விற்கும் ஜஸ்டினுக்கு அந்த மாதம் மிச்சமிருந்த ஒரே ஆர்டர், கேன் தண்ணீர் கம்பெனி கோவிந்தராஜுடையது. அதுவும் கைநழுவப் பார்த்தது.

“பாதி விலைன்னா பத்துப் பெட்டி, நைனா. இல்லாங்காட்டி ஆவடில வாங்கிக்கிறேன்.”

“கட்டாதுண்ணே! தண்ணிய டெஸ்ட் பண்றப்போ கிருமி இருந்தா இந்த ஃபில்டர் தாள்ல சிக்கிடும்.”

“சூப்பர் ஃபில்டர்தான். ஆறு மாசமா ஒரு கிருமிகூட சிக்கல! ஆனா, ஒவ்வொரு நீல ஃபில்டருக்கு நடுவுலயும் இன்னாத்துக்கு ஒரு வெள்ளைத்தாள்? அத்தக் கடாசியே லேப் பொண்ணுக்குக் கை நோவுது. அந்தக் காசைக் கொறை!”

ஜஸ்டின் சிரிப்பை விழுங்கினான். வெள்ளைதான் ஃபில்டர். நீலம், ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைக்கும் வெறும் தாள்.

“சரிண்ணே, உங்களுக்காக நீலம் மட்டும் தனியா பிரிச்சுத் தர்றேன். பாதி விலைதான்!”