ஆடியில் வாங்கிய வண்டி

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீட்டு வாசலில், காலை வெயில் அடுத்த வீட்டுப் பிரவீனாவின் புது ஸ்கூட்டர்மேல் மட்டும் விழுவதுபோல் சுமலதாவுக்குத் தோன்றுகிறது. பக்கத்திலேயே அவளுடைய வண்டியும் நிற்கிறது. அதே மாடல், அதே நீலம். ஆடித் தள்ளுபடியில் இரண்டாயிரம் மிச்சம் என்று வீடு வீடாகப் பெருமையடித்து வாங்கியது. புரட்டாசியில் அரசாங்கம் வரியைக் குறைத்ததும், பொறுத்திருந்த பிரவீனாவுக்கு ஏழாயிரம் குறைந்துவிட்டது. "எலுமிச்சம்பழத்த நீங்களே வைங்கக்கா, உங்க கை ராசியான கை," என்று அவள் நீட்டுகிறாள். சாமந்தி மாலை தொங்கும் வண்டியின் சக்கரத்தடியில் பழத்தை வைக்கக் குனிகிற சுமலதாவுக்கு வயிறு எரிகிறது. "வெல திரும்ப ஏறணும் சாமி," என்று வாய்க்குள் முணுமுணுக்கிறாள். சீருடையோடு வெளியே வரும் சுமலதாவின் கணவன் கோபி, புது வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கைக்குட்டையால் ஆசையாகத் துடைக்கிறான். "இது எங்க கம்பெனி கண்ணாடி, பிரவீனா. வண்டி விக்காதப்ப எங்கள வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெல கொறஞ்சு வண்டி போவுது, மறுபடி கூப்ட்டுக்கிட்டாங்க." கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, அவன் ஓடுகிறான். பிரவீனா வண்டியை நகர்த்துகிறாள். நசுங்கிய பழத்தின் சாறு சுமலதாவின் கால்விரலில் தெறிக்கிறது. கோபி துடைத்த கண்ணாடிக்குள் அவளுடைய ஆடி வண்டி சின்னதாகிக்கொண்டே போகிறது. அவள் வேண்டுதலை வாபஸ் வாங்கவில்லை, கொஞ்சம் திருத்துகிறாள். "அவருக்கு வேல இருக்கட்டும் சாமி. வெல மட்டும் ஏறட்டும்."