ஆமென் சொல்வதற்குள்

"ஜெபம்னா அந்தம்மாவுக்கு வெளிய போற நேரம்."

சபை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சுசீலா மெதுவாகத்தான் சொன்னாள்.

"எதிர்ல டீக்கடை இருக்கில்ல. அங்க போறாங்களோ என்னவோ," என்று பக்கத்தில் நின்ற பேபி சிரித்தாள்.

பின்னால் வந்த போதகர் பூபாலனின் காதில் அது விழுந்துவிட்டது.

"யாரைச் சொல்றீங்க சிஸ்டர்?"

சுசீலா திடுக்கிட்டாலும் மழுப்பவில்லை. "கீரைக்கார நாகம்மாவைத்தான் பாஸ்டர். ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்திருக்காங்களே. நாம எல்லாரும் முழங்கால் போட்டு அழுது ஜெபிக்கிறோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, அவங்க இடம் காலி. போன வாரம் அப்பத்தான் படியேறி வர்றாங்க. எங்க போனீங்கன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

ஆவடியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும் சின்ன சபை அது. ஞானஸ்நானம் எடுக்க வரும் பெண்களுக்கு, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி சுசீலா சரி சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

அன்றே நாகம்மாவை உட்காரவைத்துப் பேசினார்கள்.

"இயேசுவை ஏம்மா பின்பற்றணும்னு நினைக்கிறீங்க?" என்று பூபாலன் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் நான் கீரைக்காரி ஐயா. கூடைய இறக்கினா கீரையத்தான் பாப்பாங்கோ. அவரு ஒருத்தருதான் என் மூஞ்சியப் பாத்தாரு."

பூபாலன் புன்னகைத்தார். சுசீலா குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் சரி. முழு இருதயத்தோட தேடறவங்க ஜெப நேரத்துல எங்க போறீங்க?"

நாகம்மா முந்தானை நுனியைச் சுருட்டினாள். "அத்த சொல்ல முடியாதும்மா."

"சபையில சொல்ல முடியாத அப்படி என்ன வேலை?"



பூபாலன் தயங்கினார். "அடுத்த மாசம் எடுக்கலாம்னு இருந்தோம். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமாம்மா?"

நாகம்மாவின் கண் கலங்கியது. "ரெண்டு வருசமா காத்துகினு கீறேன் ஐயா. வெள்ளப் பொடவகூட வாங்கி வச்சிட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தானே சமாதானமாகிவிட்டாள்.

"பரவால்ல. அடுத்த தபா பாத்துக்கலாம். ஏசு எங்க பூடப் போறாரு?"

புதன்கிழமை, எப்போதும்போல் சுசீலா குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் கீரை கொண்டு வந்தாள். எப்போதும்போல் சுசீலாவுக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை கூடப் போட்டாள். முகத்தில் கோபத்தின் அடையாளமே இல்லை.

அது சுசீலாவை உறுத்தியது.

அடுத்த ஞாயிறு, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று பூபாலன் சொன்னதும் எல்லோரும் பாயில் முழங்காலிட்டார்கள். சுசீலா மட்டும் கண்ணை மூடவில்லை.

ஆண்கள் பக்கம் கடைசி வரிசை நாற்காலியிலிருந்து பெரியவர் கஜபதி எழுந்தார். ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது எண்பது. சில வருடங்களாக ஞாபக மறதி. மகள் ஷர்மிளா பெண்கள் பக்கம் முன்வரிசையில் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வாசலை எட்டுவதற்குள் நாகம்மா அங்கே இருந்தாள். குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

சுசீலா சத்தமில்லாமல் படிவரை வந்து எட்டிப் பார்த்தாள்.

கீழே கடை ஷட்டர் மூடியிருந்தது. பத்தடி தள்ளி மெயின் ரோட்டில் லாரிகள் பறந்தன.

கஜபதி ஷட்டரைத் தட்டினார். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு. கேட்டைத் திறக்கச் சொல்லு."

"பூட்டிகீது பாரு நைனா. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. லீவு."

"ஞாயிறா?" அவர் பதறினார். "அப்போ சபைக்குப் போகணுமே! லேட்டாயிடுச்சே!"

"அதான், வா வா. பாஸ்டரு இன்னும் முடிக்கல."

அவர் தானாகவே அவசரமாகப் படியேறினார். விழாமல் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியபடி நாகம்மா பின்னால் வந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினால், எதிரே சுசீலா.

"வாராவாரம் இதேதானா?"

"ஆமாம்மா. பாஸ்டரு நாட்டுத் தலைவருங்களுக்கு ஜெபம் பண்றப்போ படி ஏற ஆரம்பிச்சா ஆமெனுக்குள்ள வந்துடலாம். சில நாளு நைனா ஷட்டராண்டயே செருப்ப விட்டுட்டு ஏறிடும். அவர உக்கார வச்சிட்டு அத்த எடுத்தாரப் போற அன்னிக்குதான் நான் லேட்டு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! ஷர்மிளாகிட்டயாவது..."

"ஐயோ, வாணாம்மா!" நாகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரம் பூரா அது இவரு பின்னாலயே ஓடிகினு கீது. இந்த இருவது நிமிசந்தான் நிம்மதியா கண்ண மூடுது. தெரிஞ்சா, இங்கயும் மூடாது."

உள்ளே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

மறு ஞாயிறு ஜெபம் தொடங்கியது. நாகம்மா வழக்கம்போல் எழப் போனாள். தோளில் ஒரு கை அழுத்தியது.

"நீங்க முழங்கால் போடுங்க சிஸ்டர்," என்றாள் சுசீலா. "பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசமே உங்களுக்கு ஞானஸ்நானம்."

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், குனிந்து, கஜபதியின் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.