யுவராணிக்கு வயது பத்தொன்பது

“யுவராணி அக்கா, உங்களுக்குப் பத்தொன்பது வயசுன்னா எனக்குத் தொண்ணூறு.”

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் தங்கப்பாண்டியன் அந்த விமர்சனத்தைப் பதினாலாவது தடவையாகப் படித்தார். ஒவ்வொரு தடவையும் புதுசாக வலித்தது.

எழுதியவள் வேல்விழி. கல்லூரியில் முதலாண்டு என்று தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தாள். இளசுகளுக்காக வருகிற எந்த நாவலையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இரண்டாம் பதிப்பு நிச்சயம். இல்லை என்றால் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

யுவராணியின் முதல் நாவலில் காதலர்கள் மிஸ்டு கால் கொடுத்தே பேசிக்கொள்வார்கள். ஒரு ரிங் என்றால் ‘வந்துட்டேன்’. இரண்டு ரிங் என்றால் ‘அப்பா வீட்ல இருக்காரு’. வேல்விழி அங்கேதான் பிடித்துவிட்டாள்.

“மாசம் பூராப் பேசினாலும் ஒரே ரீசார்ஜ்தான். இப்ப எந்தப் பிள்ளை அக்கா மிஸ்டு கால் குடுக்குது? இதை எழுதினவங்களுக்கு நாப்பது வயசுக்குக் குறையாது. மிச்சம் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாகத்தில்.”

நாற்பது இல்லை, ஐம்பத்தொன்று. அக்காவும் இல்லை. தேவதானப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டியன்தான் யுவராணி.

சொந்தப் பெயரில் அனுப்பியபோது மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. உரக்கடைக்காரருக்கு இளசுகளின் மனசு என்ன தெரியும் என்று ஒருவர் போனிலேயே கேட்டார். அதே கதையைப் பெயரை மாற்றி, வயதைக் குறைத்து அனுப்பியதும் நாலாவது பதிப்பகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

இப்போது இரண்டாவது நாவல் அச்சுக்குப் போகிற நேரம். வேல்விழியின் இரண்டாம் பாகம் வந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. மனைவி கிருபாவதிக்குக்கூடச் சொல்லாத விஷயம் கடைத்தெரு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

வேண்டாம் என்று யுவராணி கெஞ்சி எழுதியதற்கு வேல்விழி பதில் போட்டிருந்தாள். “நேர்ல வந்து முகத்தைக் காட்டுங்கக்கா, அப்புறம் யோசிப்போம். சனிக்கிழமை பத்து மணி, காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப். வந்ததும் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. எடுக்க மாட்டேன், நானே வந்துருவேன்.”

உண்மையைச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டுவிடுவது என்றுதான் தங்கப்பாண்டியன் வந்திருந்தார். ஆனாலும் முதலில் ஆளைப் பார்த்துவிட்டு, தைரியம் வந்த பிறகு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்று போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார்.

நிழற்குடையில் இரண்டே பேர். ஓரத்தில் ஒரு பெண், மடியில் தடிப் புத்தகம். தலையே நிமிரவில்லை. வேல்விழியேதான், சந்தேகமில்லை.

நடுவில் ஒரு மீசைக்காரர், விரலெல்லாம் நீலக் கறை. திராட்சைக்கு மருந்தடிக்கிற கை என்று உரக்கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

அந்த ஆள் எழுந்து போனால் தேவலை. ஆனால் போகிறவராகத் தெரியவில்லை. கம்பத்திலிருந்து இரண்டு பஸ் வந்தபோதும் இறங்குகிற பெண்களை ஒவ்வொருத்தராக உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். இந்த வயசில் இதென்ன புத்தி என்று தங்கப்பாண்டியனுக்கு எரிச்சலாக வந்தது.

மெல்ல நகர்ந்து அந்தப் பெண்ணின் பக்கம் போய்த் தொண்டையைச் செருமினார்.

“என்னண்ணே,” என்றார் மீசைக்காரர். “வந்ததுலருந்து அந்தப் பிள்ளையவே பாக்குறீக. எந்த ஊரு?”

“தேவதானப்பட்டி.”

“அங்கனருந்து இங்கன என்ன சோலி?”

“உர விசயமா ஒருத்தரப் பாக்கணும்.”

“யாரு, பேரச் சொல்லுங்க. இங்கன எனக்குத் தெரியாத தோட்டமா?”

தங்கப்பாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. “அவுகளே வருவாக,” என்றார்.

“வரட்டும். அதுவரைக்கும் எம் பக்கத்துல உக்காருங்க. நாங்களும் பொம்பளப் பிள்ள பெத்தவுகதான்.”

வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல வந்து உட்கார்ந்தார். மீசைக்காரர் அவரை மேலும் கீழும் அளந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பம் போகிற பஸ் வந்தது. பெண் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். அவள் ஏறிவிட்டால் நாளைக்கு இரண்டாம் பாகம். அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று தங்கப்பாண்டியன் போனை எடுத்து அந்த நம்பரை அமுக்கினார்.

பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போட்டித் தேர்வுக் கையேட்டை மறுபடி விரித்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

ஆனாலும் ரிங் அடித்தது. பக்கத்திலேயே, மீசைக்காரரின் சட்டைப்பையில் அடித்தது.

தங்கப்பாண்டியன் பதறிப்போய்க் கட் செய்தார். அதுவும் நின்றது.

மீசைக்காரர் தன் போனைப் பார்த்தார். தங்கப்பாண்டியன் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவருடைய வழுக்கைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“சத்தம் போட்டுறாத தாயி, வேல்விழி யாருன்னு எங்க வீட்டுலயே தெரியாது.”