இரண்டு நண்பர்களின் அழைப்பு

கோவில்பட்டி ஆயுத வாடிக்கையாளர் உதவி மையத்தில், செண்பகவல்லியின் திரையில் இரண்டு அழைப்புகள் அடுத்தடுத்து ஒளிர்ந்தன. வடகரை நாடு வாங்கிய ஏவுகணை குறி தவறுகிறதாம். தென்கரை நாடு வாங்கிய ஏவுகணைத் தடுப்புக் கவசம் திறக்கவில்லையாம். ஒன்றோடொன்று போரிடும் அந்த இரண்டும் நம் நட்பு நாடுகள்; இரண்டுக்கும் விற்றது நாம்தான்.

தென்கரைத் துறைமுகத்தில் அவள் கணவன் கிரேன் ஓட்டுகிறான். விதிப்படி முதலில் வந்த வடகரை அழைப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவள் வடகரைக்காரரைக் காக்கவைத்துவிட்டுக் கவசத்தை எடுத்தாள். ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல அது திறந்துகொண்டது.

"என்னட்டி, ஒன் வீட்டுக்காரர் தப்பிச்சாரா?" என்றாள் பக்கத்து இருக்கை ஆரோக்கியமேரி. ஆரோக்கியமேரியின் மகன் வடகரையில் நர்ஸ்.

"இப்போதைக்குத் தப்பிச்சாரு அக்கா. ஆமா, நமக்கு யாருதான்க்கா எதிரி?"

"எங்கிட்ட கேக்கியே! வாங்குதவன் எல்லாம் நண்பன்தான்."

இருவரும் சிரித்தார்கள்.

அழைப்பில் இன்னும் இருந்த தென்கரை அதிகாரி ஒலிபெருக்கியில் பேசினார். "மிக்க நன்றி அம்மா. வடகரை மேல் நாங்கள் ஏவும் உங்கள் ஏவுகணையும் குறி தவறுகிறது. அதையும் சரிசெய்து கொடுத்துவிடுங்கள்."

ஆரோக்கியமேரி சிரிப்பை நிறுத்திவிட்டு, செண்பகவல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.