இருமுறைக்கான இடைவெளி

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வடிவம்மா ஐந்தாம் நாளாக வகுப்பின் ஒலிப்பதிவில் அதே இடத்தைக் கேட்டாள்.

ஆசிரியை சூத்திரத்தை ஒரு முறை சொல்கிறார். பிறகு மௌனம்.

மாணவர் அதை இரு முறை திருப்பிச் சொல்வதற்கான மௌனம். யோகத் தத்துவத்தை வடமொழியில் பாடம் கேட்போரின் முறை அது.

முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டு வீடுகளில், மைக்கை மூடிக்கொண்டு உரக்கச் சொல்வார்கள். அவ்வேளையில் ஆசிரியையும் தம் மைக்கை மூடிவிடுவார். கண்மூடிச் சொல்ல வேண்டுமாதலால் கேமராவையும் அணைத்துவிடுவார்கள்; திரையில் ஒரு முகமும் இராது.

சென்ற ஞாயிறன்று, ஏழாவது சூத்திரத்துக்கு மட்டும், அவர் மைக்கை மூட மறந்திருந்தார்.

எவரும் அறியவில்லை. எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுப்பாடம் காட்டிக்கொடுத்தது.

ஒலிப்பதிவில் ஒரு சூத்திரத்தைத் தேர்ந்து, நாள்தோறும் விடியலில் இருபது நிமிடம் அதிலேயே மனத்தை நிறுத்த வேண்டும். விலகினால் கடிந்துகொள்ளாமல் திருப்பிக் கொணர வேண்டும்.

வகுப்பில் சேர்ந்த இரண்டாண்டுகளில் அவள் மனம் ஒரு நாளும் நின்றதில்லை.

முதல் நாள், சொற்கள்.

இரண்டாம் நாள், சொற்களுக்குப் பின் மௌனத்தில் ஒரு மின்விசிறி.

மூன்றாம் நாள், மின்விசிறிக்கும் அப்பால், பட்டென்று ஓர் ஓசை.

கதவாக இருக்கும். சூத்திரத்துக்குத் திரும்பினாள்.

நான்காம் நாள், அது கதவில்லை. கதவென்றால் மரம் ஒலிக்கும்.

இன்று, ஓர் ஆண்குரல்.

"முடிச்சிட்டு வா. இன்னிக்கு இருக்கு உனக்கு."

பிறகு ஆசிரியை, தாழ்ந்த குரலில்.

"மெதுவா. கிளாஸ் ஓடுது."

அடுத்த சூத்திரம் ஒரு பிசிறுமின்றி வந்தது.

அந்தப் பிசிறின்மைதான் அவளை எழுந்து நடக்கச் செய்தது. ஒரு நாளில் பழகும் குரலன்று அது.

பாளையங்கோட்டைத் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் இணைப்புக் கொடுத்தவள் அவள். கேட்டது காதோடு போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அச்சட்டத்தை அவள் ஒரு முறையும் மீறியதில்லை. அதனால், கம்பிவழி கேட்டும் சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில் பின்னர் நேர்ந்ததை மறந்ததும் இல்லை.

ஞாயிறு வந்தது.

"இந்த வாரம் மனசு எங்க நின்னுது? சொல்ல விரும்பறவங்க மைக்கைத் திறக்கலாம்" என்றார் ஆசிரியை. புன்னகை இருந்தது. கழுத்துவரை துப்பட்டாவும் இருந்தது.

ஆடிட்டர் வரதன் நீல ஒளி கண்டிருந்தார். மதுரைக்கார அம்மையார் ஒருவருக்குச் சந்தனம் மணத்திருந்தது. எல்லார்க்கும் எல்லாம் ஒரே வாரத்தில் கிட்டியிருந்தன.

அவள் மைக்கைத் திறந்தாள்.

அந்த வீட்டில் அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு சொல் பிசகினால் அடி அங்கே விழும். கம்பியில் மூன்றாம் காது இருக்கையில் எப்படிப் பேசுவது என்பதை அவள் மறந்துவிடவில்லை.

"டீச்சர், எனக்குச் சூத்திரத்துல நிக்கல. நாங்க திருப்பிச் சொல்றதுக்கு விடுவியள்லா, அந்த எடத்துல போயி நின்னுட்டு."

"எந்த சூத்திரம், வடிவம்மா?"

"போன வாரத்துல ஏழாவது."

ஆசிரியையின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஒரு முறை பக்கவாட்டில் போய்த் திரும்பின.

"அது கெடக்கட்டும் டீச்சர். சொல்ல வந்ததே வேற. எங்க மாடி சும்மாதான் கெடக்கு. தண்ணி உண்டு, தனி வாசல் உண்டு. சாவி எங்கிட்டதான். புஸ்தகம் அனுப்பினியள்லா, அதே அட்ரஸ்தான். எந்நேரமானாலும் நான் முழிச்சிருப்பேன்."

வரதனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, தியான கிளாஸ்ல டு-லெட் போர்டு மாட்டறீங்க?"

பலர் சிரித்தார்கள். மதுரைக்கார அம்மையார் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

அவளும் சிரித்து வைத்தாள்.

ஆசிரியை சிரிக்கவில்லை.

"நல்லது, வடிவம்மா" என்றார். பிறகு, "எல்லாரும் ஸ்பீக்கரை நிறுத்திட்டுக் கண்ணை மூடிக்குங்க. இருபது நிமிஷம்" என்றார்.

முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மைக்குகள் மூடிக்கொண்டன.

ஒன்று மட்டும் மூடவில்லை.

மறந்தாரோ என்று இம்முறை அவள் ஐயுறவில்லை.

ஹெட்போனை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

மின்விசிறி.

நெடுநேரம் மின்விசிறி மட்டும்.

பிறகு, எங்கோ உள்ளே, ஒரு கதவு. குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் ஓசை. ஓர் ஆண் காறித் துப்பினான். பாட்டொன்றை முணுமுணுத்தான்.

அருகில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

பீரோக் கதவு.

ஜிப் ஒன்று, விட்டுவிட்டு, சிறிது சிறிதாக.

வெறுங்கால்கள்.

தாழ்ப்பாள் மெல்ல நீங்கியது. வெளிச்சத்தம் ஒரு நொடி உள்ளே புகுந்தது. ஆட்டோ, காக்கை, தெருவில் எவரோ அழைக்கும் குரல். பிறகு அது அடங்கியது.

முப்பத்தேழு பேர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள்.

அவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அது விழும்வரை அவன் வெளியே வரப்போவதில்லை.

அவள் அந்த ஓசையையே கேட்டாள். தன் வீட்டு வாசலில் பால்காரர் அழுத்திய அழைப்பு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அது அவள் செவியில் ஏறவில்லை. கால் மரத்தது தெரியவில்லை. மூச்சு இருந்ததா என்பதும் தெரியவில்லை.

விழட்டும்.

இன்னும் விழட்டும்.