இருபத்தாறு அறுபது

வெர்ன் துப்பாக்கியோடு புல்தரையில் குப்புறப் படுத்திருந்தான். அவன் பூட்ஸுகளுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, குண்டு விழும் இடத்தைப் பார்க்க முக்காலித் தொலைநோக்கியை முன்னால் நிறுத்தி, துப்பாக்கிக் குழாயைத் துடைக்கும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பிதான் எங்கள் பேச்சு. குண்டு வலப்பக்கம் விலகினால் வலது பூட்ஸில் ஒரு தட்டு. இடப்பக்கம் என்றால் இடதில். கீழே விழுந்தால் குதிகாலில், மேலே போனால் நுனியில். குறியில் பட்டுவிட்டால் இரண்டு பூட்ஸிலும் தாளம் போடுவேன்.

துப்பாக்கித் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பவன் என் உதட்டைப் பார்க்க முடியாதே. உதட்டைப் பார்க்காவிட்டால் என் புருஷனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. காலமெல்லாம் காதை மூடாமல் சுட்டதற்குக் கிடைத்த கூலி. அவன் காது போய் ஒன்பது வருஷமாகிறது.

இந்த வருஷம் பனி உருகும் சமயத்தில் அவன் மண்டைக்குள், காது கேட்க ஒரு கருவி வைத்தார்கள். அதன் வெளிப்பாகம் காதுக்குப் பின்னால் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. தகரக் கூரையில் கோழி நடக்கிற மாதிரி இருக்கிறது என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு "நாய்", "ரொட்டி", "ஏழு" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அறிவித்துவிட்டான்.

"நாளைக்குக் குறி வெச்ச இரும்புத் தகடு அடிபடற சத்தமாவது காதுல விழணும். விழலேன்னா இதைக் கழட்டி டிராயர்ல போட்டுடுவேன். அப்புறம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

யாரும் என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் எங்கள் வீட்டில்? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்தக் கோபத்தில் சொல்ல வேண்டிய ஒன்று சொல்லாமல் நின்றுவிட்டது.

அவன் புதிய டின் வெடிமருந்தைப் போட்டுத் தோட்டா தயாரித்திருந்தான். ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் டின்னுக்கு டின் வேகம் மாறும். நேற்று மதியம் அவன் தூங்கியபோது நான் நாலு தோட்டாவை எடுத்துப் போய், வேகம் அளக்கும் கருவியை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். நொடிக்கு 2660 அடி. அவன் போனில் இருக்கும் கணக்குச் செயலியிலோ பழைய டின்னின் 2700.

குளிர், காற்று, குண்டின் எடை, வேகம் எல்லாம் கொடுத்தால் தொலைநோக்கியின் குமிழை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று அந்தச் செயலி சொல்லும். தப்பான வேகத்தைக் கொடுத்தால் தப்பையும் துல்லியமாகக் கணக்குப் போட்டுத் தரும்.

வந்து இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று பிக்கப் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். இறங்கியதும் படுத்துவிட்டான். ஒரு எண்ணைக் கம்பியால் எப்படித் தட்டிச் சொல்வது?

வயோமிங்கில் காற்றில்லாத காலை அபூர்வம். இன்று ஒரு புல்கூட அசையவில்லை.

சுட்டான்.

ஆயிரம் கெஜத்துக்கு அப்பால், கார் சக்கரம் அளவுள்ள தகட்டுக்குக் கீழே புழுதி எழுந்து அடங்கியது.

துப்பாக்கி உதைத்த உதையில் அவன் அதைப் பார்த்திருக்க மாட்டான். காது மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். அடிபடாத தகட்டிலிருந்து சத்தம் எப்படி வரும்? பட்டும் தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டான். தோள் இரண்டும் தொய்ந்தன. கை மெல்லக் காதுக்குப் பின்னால் போய் அந்தப் பொத்தானைப் பிடித்தது.

அவன் முதுகைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னேன். அதைச் சொல்ல எங்களிடம் தட்டு எதுவும் கிடையாது.

அப்புறம் வழக்கம்போல வாய்விட்டே திட்டினேன். ஒன்பது வருஷமாக அவன் முதுகைத் திட்டித்தான் நான் மனதை ஆற்றிக்கொள்கிறேன்.

"இருபத்தாறு அறுபதுன்னு போடுடா கழுதை! பழைய வேகத்தை வெச்சுக்கிட்டு மண்ணைச் சுட்டுட்டு, காதைக் குத்தம் சொல்ல வந்துட்டான்!"

குதிகாலில் தட்டக் கம்பியை நீட்டினேன். கம்பி போய்ச் சேரவில்லை. அதற்குள் அவன் கை கீழே இறங்கி, பக்கத்தில் கிடந்த போனை எடுத்தது.

எட்டிப் பார்த்தேன். 2700ஐ அழித்தான். தடித்த விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான். இரண்டு. ஆறு. ஆறு. பூஜ்யம்.

கம்பி என் கையிலிருந்து நழுவியது.

குமிழைத் திருப்பிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் பேசினான்.

"கழுதைன்னது நல்லாவே கேட்டுச்சு, ட்வைலா. அதுக்கு முன்னாடி மெதுவா என்னமோ சொன்னியே, அதான் சரியா விளங்கல."

"முதல்ல தகட்டை அடி. அப்புறம் சொல்றேன்." குரல் உடைந்துவிட்டது. அதுவும் கேட்டிருக்கும்.

காதை மூடிக்கொண்டு மறுபடி சுட்டான்.

தகடு சங்கிலியில் ஆடியது எனக்குத் தெரிந்தது. சத்தம் இங்கே வந்து சேர மூன்று நொடியாவது ஆகும். இத்தனை நாள் அதற்குத்தான் தவம் கிடந்தான். இப்போது அதற்கு நிற்கவில்லை. எழுந்து உட்கார்ந்து என் பக்கம் திரும்பி, காது மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அது டங்கென்று வந்து போயிற்று.

நான் பழக்கதோஷத்தில் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகலமாகத் திறந்தேன்.

வெர்ன் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ம்" என்றான்.