ஊதா விளக்கு

"இன்னைக்காவது கொஞ்சம் கறுத்திருக்கா அண்ணாச்சி?"

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்த பலவேசம் கேட்டான். குடை இல்லாமல் வந்திருந்ததால் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு வாரத்துல தெரியும் வே. கையைக் காட்டும்" என்றார் கம்பவுண்டர் கைலாசம். சொல்லும்போதே அவருக்கு நாக்கு கூசியது.

தோலுக்கு நிறம் திரும்பப் பூசும் கார்போக அரிசி எண்ணெயை ஊற்றி அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை வெள்ளைத் திட்டுகள். கால் மணி நேரம் தேய்த்து ஊறவிட்ட பிறகுதான் விளக்கைப் போட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

பலவேசம் குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அவன் கை பட்டால் முதுகுவலி ஓடிவிடும் என்று மதுரையிலிருந்தெல்லாம் தேடி வந்த காலம் உண்டு. கையில் வெள்ளை விழுந்தது, அதோடு சரி. ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை எவன் காதில் வாங்கினான்? வெயிலில் காட்டினாலும் நிறம் திரும்பும்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்காரன் வெயிலுக்கு எங்கே போவான்? அதனால்தான் வெயிலின் வேலையைச் செய்யும் இந்த ஜெர்மனி விளக்கை நம்பி தென்காசிக்கு வந்தான். சீசன் முடிவதற்குள் கை கறுத்தால் நாலு பேர் முதுகைக் காட்டுவார்கள்.

"வீட்டுல எப்படி வே இருக்காங்க?"

"தனித் தட்டு, தனிச் செம்பு. பிள்ளையத் தூக்க விடமாட்டேங்கா. அவளைச் சொல்லி என்ன செய்ய? பயம்."

கைலாசம் எழுந்து விளக்கைப் போட்டார். அவன் கைகளைத் தாங்கிப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

உண்மை என்னவென்றால், அந்த விளக்கு ஆனி மாதமே செத்துவிட்டது. புது பல்பு கப்பலில் வர வேண்டும். அதுவரை சாதா பல்பில் ஊதாக் காகிதம் சுற்றி எரியவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்; வருகிற நோயாளியை விட்டுவிட்டால் திரும்ப வரமாட்டானாம். குணம் தெரியாததால் மற்ற நோயாளிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஆடி முடியப் போகிறது. இவன் ஒருவன்தான் ஒரு நாள் தவறாமல் வருகிறான்.

இதற்கு மேல் கைலாசத்தால் முடியவில்லை. சுவிட்சை அணைத்தார்.

"கண்ணாடியைக் கழத்தும் வே. உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். இது அந்த விளக்கே இல்ல. அது போயி ஒண்ணரை மாசம் ஆச்சு. டாக்டர் சொன்னாருன்னு நானும் உம்மை ஏமாத்திட்டு இருக்கேன். பாவம் எனக்குத்தான்."

பலவேசம் கண்ணாடியைக் கழற்றினான். பல்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"முன்னெல்லாம் விளக்கைப் போட்டதும் இடி விழுந்த இடம் மாதிரி ஒரு வாடை அடிக்கும். அது ஆனியிலயே நின்னுபோச்சே. கண்ணைத்தான கட்டுனீங்க, மூக்கைக் கட்டலையே."

"தெரிஞ்சுமா தினம் மூணு மைல் மழையில நனைஞ்சுட்டு வாரீரு? கறுத்திருக்கான்னு வேற கேக்கீரு? பைத்தியமா வே உமக்கு?"

"கேக்கலைன்னா நீங்க நிறுத்திருவீங்களே."

பலவேசம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, எண்ணெய் மினுங்கிய இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினான்.

"இந்தக் கையைத் தொடுதது ஊர் உலகத்துல நீங்க ஒரு ஆள்தான் அண்ணாச்சி. விளக்கு கிடக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் தேய்ச்சுவிடுங்க."